கதவருகே காத்திருக்கும் கோபம்

பொதுக்காலத்தின் 6ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை



ஒப்புரவு அருளடையாளத்துக்கு நம்மைத் தயாரிக்கும்போது, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது நம் வழக்கம். ஐந்தாவது கட்டளைக்கு வரும்போது நாம் அதிகம் யோசிப்பதில்லை. கொலை செய்யக்கூடாது என்பது அந்தக் கட்டளை. நாம் யாரையும் கொன்றதில்லை. எனவே, நிம்மதியாக அதைத் தாண்டி அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறோம். இந்த ஞாயிறு நற்செய்தியில் இயேசு நம்மைத் திரும்ப அழைத்து, அதே ஐந்தாவது கட்டளைக்கு முன் நிறுத்துகிறார்.

கொலை செய்பவர் மட்டுமல்ல, சகோதரர் சகோதரிகள் மீது சினம் கொள்பவரும், அவர்களை இழிவான சொற்களால் திட்டுபவரும் தீர்ப்புக்கு உரியவரே என்று இயேசு கூறுகிறார். கேட்பதற்கே கடினமாக உள்ளது. ஒரு நாளில் நாம் எத்தனை முறை கோபப்படுகிறோம்! காலையில் மோட்டார் போட்டும் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் கோபம். பள்ளி வேன் வாசலில் வந்து நின்ற பிறகு பிள்ளை சாக்ஸைத் தேடினால் கோபம். பேருந்தில் காலை மிதித்தவர் மீது கோபம். ரேஷன் கடை வரிசையில் இடையில் புகுந்தவர் மீது கோபம். இவையெல்லாம் கொலைக்குச் சமமா? இப்படிப் பார்த்தால் தீர்ப்புக்குத் தப்புபவர் யார்?

இயேசு சொல்ல வருவதைப் புரிந்துகொள்ள, விவிலியம் கூறும் முதல் கொலைக்கு நாம் திரும்பிச் செல்லவேண்டும்.

முதல் கோபமும் கடவுளின் கேள்வியும்

காயின் நிலத்தைப் பண்படுத்துகிறவர். அவருடைய தம்பி ஆபேல் ஆடு மேய்ப்பவர். இருவரும் கடவுளுக்குக் காணிக்கை கொண்டுவருகின்றனர். தம்பியின் காணிக்கை ஏற்கப்படுகிறது, அண்ணனின் காணிக்கை ஏற்கப்படவில்லை. காயினுக்குக் கடுஞ்சினம் மூண்டது, அவர் முகம் வாடியது என்று தொடக்க நூல் கூறுகிறது. விவிலியத்தில் நாம் சந்திக்கும் முதல் கோபம் இதுதான்.

அந்த நேரத்தில் கடவுள் என்ன செய்தார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். கோபப்பட்டதற்காகக் காயினை அவர் தண்டிக்கவில்லை. கோபப்படாதே என்று அதட்டவும் இல்லை. ஏன் கோபம், ஏன் இந்த முகவாட்டம் என்று கேட்கிறார். அடுத்து, பாவம் உன் கதவருகே பதுங்கிக் கிடக்கிறது என எச்சரிக்கிறார். மூன்றாவதாக, அதை அடக்கி ஆளும் பொறுப்பு காயினுடையது என்றும் சொல்கிறார்.

கேள்வி, எச்சரிக்கை, பொறுப்பு. இந்த மூன்றும் கொலை நடப்பதற்கு முன்பே காயினுக்குக் கிடைத்துவிட்டன. ஆனால், கடவுளின் அந்தக் கேள்விக்குக் காயின் பதில் சொன்னதாக விவிலியம் குறிப்பிடவில்லை. அவர் கடவுளிடம் பேசவில்லை, தம்பியை வயல்வெளிக்கு அழைத்துக்கொண்டு போகிறார். எனக்கு வலிக்கிறது, என் உழைப்பு மதிக்கப்படவில்லை என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒருவேளை அந்த வயலில் இரத்தம் சிந்தியிருக்காது.

கோபத்துக்கும் கொலைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. கடவுள் அந்த இடைவெளியில் வந்து நின்று பேசினார். மலைப்பொழிவில் இயேசு சுட்டிக்காட்டுவதும் இதே இடைவெளியைத்தான். கோபமும் கொலையும் ஒரே அளவுள்ள குற்றங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன என்கிறார். அந்தப் பாதையின் முடிவில் போய் நின்றுகொண்டு, திரும்பி வர வழி தேடுவதைவிட, தொடக்கத்திலேயே திரும்புவது எளிது. கோபம், அடுத்து இழிசொல் என்று அவர் படிப்படியாகச் சொல்வதும் இதனால்தான். நற்செய்தியாளர் மத்தேயு கிரேக்க மொழியில் இங்கே பயன்படுத்தியிருக்கும் வினைவடிவம், தொடர்ந்து நடைபெறும் செயலைக் குறிப்பது. சட்டென்று வந்து போகும் கோபத்தைவிட, உள்ளே வைத்து வளர்க்கும் கோபமே இங்கு முதன்மையாகக் கண்டிக்கப்படுகிறது என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

நம் தமிழிலும் இந்தப் படிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எரிச்சல் என்கிறோம், கோபம் என்கிறோம், ஆத்திரம் என்கிறோம், வன்மம் என்கிறோம். எரிச்சல் ஒரு நிமிடத்தில் மறையும். கோபம் ஒரு பொழுது இருக்கும். ஆத்திரம் கண்ணை மறைக்கும். வன்மமோ ஆண்டுக்கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். எரிச்சலிலிருந்து வன்மத்துக்கு ஒரே நாளில் யாரும் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ நம்மை ஏன் என்று கேட்கிறார்கள். நாம்தான் பதில் சொல்லாமல் அடுத்த படிக்கு ஏறிவிடுகிறோம்.

கோபம் பாவமா?

கோபம் என்ற உணர்வு, தன்னிலேயே பாவம் அல்ல. மனித உணர்வுகள் தம்மிலேயே நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல, நம் அறிவும் மனமும் அவற்றை எப்படி வழிநடத்துகின்றன என்பதில்தான் நன்மையும் தீமையும் உள்ளன என்பது திருஅவையின் போதனை. பழிவாங்கத் துடிப்பதும், பிறருக்குக் கேடு செய்ய விரும்புவதுமே கோபத்தைப் பாவமாக்குகின்றன.

இயேசுவும் கோபப்பட்டார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில், கை சூம்பிய ஒருவர் அவர்முன் நிற்கிறார். இயேசு அவரைக் குணப்படுத்துவாரா, குற்றம் சாட்ட வழி கிடைக்குமா என்று சிலர் காத்திருக்கின்றனர். இயேசு அவர்களைச் சினத்துடன் சுற்றிலும் பார்த்தார் என்று எழுதும் நற்செய்தியாளர் மாற்கு, அவர்களுடைய பிடிவாத உள்ளத்தைக் கண்டு அவர் வருந்தினார் என்பதையும் அதே வரியில் சேர்க்கிறார். அந்தச் சினத்தோடு ஒரு வருத்தமும் இருந்தது. அதன் முடிவில் ஒரு மனிதரின் கை நலமடைந்தது. நம் கோபத்தின் முடிவில் என்ன நடக்கிறது? யாராவது நலமடைகிறார்களா, அல்லது யாராவது நொறுங்கிப்போகிறார்களா? நம் கோபத்தை அளந்து பார்க்க இது ஓர் எளிய அளவுகோல்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024ஆம் ஆண்டு சனவரி 31ஆம் தேதி புதன் மறைக்கல்வியில் கோபத்தைப் பற்றிப் பேசினார். உறவுகளை அழித்துவிடும் தீய குணம் என்று கோபத்தை அவர் எச்சரித்தார். அதே உரையில், அநீதியைக் கண்டும் ஒருபோதும் கொதிக்காத மனம் மனிதருக்குரியது அல்ல, கிறிஸ்தவருக்குரியதும் அல்ல என்ற பொருளிலும் பேசினார். எனவே, கோபமே வராத கல்மனம் நமக்கு வேண்டியதில்லை. கோபத்தைப் புரிந்துகொள்ளும் மனம் வேண்டும்.

கோபத்துக்குக் கீழே

கோபம் காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் வந்தால், உடலுக்குள் எங்கோ ஏதோ சரியில்லை என்று மருத்துவர் தேடுகிறார். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடாது. காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டாலும் ஆபத்து.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், கோபத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர். கோபம் தனித்துப் பிறப்பதில்லை என்கிறார் அவர். பட்ட காயத்தால் வரும் துயரமும், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பும் சேரும்போதுதான் கோபம் பிறக்கிறது. அப்படியென்றால், ஒவ்வொரு கோபத்துக்கும் கீழே ஒரு துயரம் படுத்திருக்கிறது.

நம் வீடுகளில் இதைப் பார்க்கலாம். சாலையின் குறுக்கே ஓடிய குழந்தையைப் பிடித்து இழுத்து முதுகில் ஓர் அடி வைக்கும் தாயிடம் இருப்பது பயம். கல்லூரிக்குப் போன மகள் இரவு எட்டு மணியாகியும் வீடு திரும்பவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. அவள் வாசலில் நுழைந்ததும் கத்தும் தந்தையிடம் இருப்பதும் பயம். வேலை போன செய்தியை வீட்டில் சொல்ல முடியாமல், சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிடும் கணவரிடம் இருப்பது அவமானம். எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கும் பாட்டியிடம் இருப்பது, இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லையே என்ற ஏக்கம். நான்கு மணிக்கு எழுந்து, வேலைக்கும் போய் வந்து, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் துலக்கும்போது வெடிக்கும் தாயிடம் இருப்பது வெறும் களைப்பு.

பயம், அவமானம், ஏக்கம், களைப்பு எல்லாமே கோபம் என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. பயமாக இருக்கிறது என்று சொல்ல நமக்கு வெட்கம். கத்துவதற்கு வெட்கமில்லை. அதனால்தான் கடவுள் காயினிடம் ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாம் நம்மிடமே கேட்கும்போது, சட்டையைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பார்க்கிறோம்.

அடக்க முடியவில்லையா?

‘கோபம் வந்தால் நான் மனுஷனாவே இருக்கமாட்டேன், என்ன செய்றேன்னு எனக்கே தெரியாது’ என்று சொல்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். நாமும் சொல்லியிருப்போம். இது உண்மையா?

அலுவலகத்தில் மேலதிகாரி, பத்துப் பேர் முன்னிலையில் நம்மைத் திட்டுகிறார். உள்ளம் கொதிக்கிறது. ஆனால், ‘சரிங்க சார்’ என்று தலையசைத்துவிட்டு வருகிறோம். அதே நாள் மாலை வீட்டில் பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டால், அந்தக் கொதிப்பு முழுவதும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. வீட்டுக்குள் உச்சக் குரலில் சண்டை நடக்கிறது. அழைப்புமணி அடிக்கிறது. வாசலில் பங்குத்தந்தை. ஒரே நொடியில் குரல் மாறி, ‘வாங்க ஃபாதர், உக்காருங்க’ என்று முகம் மலர்கிறது. அடக்கவே முடியாத கோபம், அந்த ஒரு நொடியில் எங்கே போனது?

தண்ணீரைப் போலக் கோபமும் பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. திருப்பி அடிக்க முடியாதவரை, எதிர்த்துப் பேச முடியாதவரை, வேறு போக்கிடம் இல்லாதவரைத் தேடிப் போகிறது. நமக்கு மிக உயர்ந்த நிலையில் இருப்பவர் காயப்படுத்தினால் நமக்குக் கோபம் வருவதில்லை, துயரம்தான் வருகிறது என்று புனித தோமா அக்குவினாஸ் குறிப்பிட்டார். ஏனென்றால், அங்கே திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு இல்லை. நம் வள்ளுவரும் வெகுளாமை என்ற அதிகாரத்தை இந்த உண்மையோடுதான் தொடங்குகிறார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவரே உண்மையில் காப்பவர், செல்லுபடியாகாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. மேலதிகாரியின் முன் பொறுமையாக இருந்தது பெருமை அல்ல. நம் கையை நம்பி வாழும் பிள்ளையின் முன் பொறுமையாக இருப்பதே பெருமை.

இந்த ஞாயிறு முதல் வாசகம் சீராக் நூலிலிருந்து தரப்பட்டுள்ளது. தீயும் தண்ணீரும் நம் முன்னே வைக்கப்பட்டுள்ளன, எதை விரும்புகிறோமோ அதை நோக்கி நாம் கையை நீட்டலாம் என்று அந்த ஞானி கூறுகிறார். நெருப்பு தானாக நம் கைக்கு வரவில்லை. நாம்தான் கையை நீட்டுகிறோம். இதைக் குற்றச்சாட்டாக மட்டும் கேட்கவேண்டாம், நற்செய்தியாகவும் கேட்போம். பங்குத்தந்தையின் முன் குரலைத் தாழ்த்த முடிந்த நம்மால், மனைவியின் முன்னும், கணவரின் முன்னும், பிள்ளையின் முன்னும் தாழ்த்த முடியும்.

‘கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும்’ என்று ஒரு பழமொழி சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். குணம் இருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால், அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும், சிரிப்பை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் எட்டுவதில்லை. அவர்களை எட்டுவது பயம் மட்டுமே. ‘தண்டச்சோறு’, ‘நீ உருப்படவே மாட்டே’ என்று நாம் ஒரு நிமிடத்தில் சொல்லி மறந்த சொற்களை, அவர்கள் நாற்பது வயதிலும் சுமந்துகொண்டிருப்பார்கள். இழிசொல்லை இயேசு ஏன் கொலைக்குப் பக்கத்தில் வைத்தார் என்பது இங்கே புரிகிறது. ஒருவரைக் கொல்லாமலேயே அவருக்குள் இருக்கும் ஒன்றைக் கொன்றுவிட முடியும்.

மூன்று தவறான வழிகள்

முதல் தவறான வழி, கொட்டித் தீர்ப்பது. கோபத்தை உள்ளே வைத்தால் கெடுதல், வெளியே கொட்டிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று பலர் நம்புகிறோம். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பிராட் புஷ்மன் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சுமார் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். முதலில் அவர்களுக்குக் கோபமூட்டினர். பிறகு சிலரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே ஒரு குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். வேறு சிலரை வெறுமனே அமைதியாக உட்கார வைத்தார்கள். குத்தித் தீர்த்தவர்களின் கோபம் தணியவில்லை. அவர்களே மற்றவர்களைவிட அதிகக் கோபத்தோடும், அதிக முரட்டுத்தனத்தோடும் இருந்தனர். அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களிடம் முரட்டுத்தனம் குறைவாக இருந்தது. நெருப்பை ஊதினால் அது அணைவதில்லை.

இரண்டாவது தவறான வழி, விழுங்குவது. கத்துவதில்லை, அடிப்பதில்லை. ஆனால், பேச்சே இல்லை. ‘உங்கப்பாகிட்டே சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு’ என்று ஒரே அறையில் இருக்கும் கணவருக்குப் பிள்ளை வழியாகச் செய்தி போகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறுகிறார். இது பொறுமை போலத் தெரிந்தாலும், பொறுமை அல்ல. கோபம் இங்கே தூங்கவில்லை, வன்மமாக மாறிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது தவறான வழி, கோபத்துக்கு மருந்தாகக் குடியைத் தேடுவது. கோபத்தை மறக்கக் குடிப்பதாகச் சொல்கிறவர், கோபத்தைப் பிடித்து வைத்திருந்த கடைசிக் கயிற்றையும் அறுத்துவிடுகிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் சகோதரியிடம், பொறுத்துப்போ, மன்னித்துவிடு, அவர் கோபக்காரர் என்று நாம் அறிவுரை சொல்வது நற்செய்தி ஆகாது. மன்னிப்பு என்பது, தொடர்ந்து அடிக்க அனுமதி தருவது அல்ல. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காப்பதற்கு 2005ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண்களைத் தெரிந்துவைத்திருப்பதும், தேவைப்படுபவருக்குச் சொல்வதும், அவரோடு துணைக்குப் போய் நிற்பதும் அன்புப் பணியே.

இரண்டு எல்லைகள்

அப்படியானால், கோபத்தைக் கையாளும் நல்ல வழி எது? அவசரத்துக்கு ஓர் எல்லை, தாமதத்துக்கு ஓர் எல்லை என்று இரண்டு எல்லைகளை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதல் எல்லை அவசரத்துக்கு. கோபம் வந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது, பற்கள் இறுகுகின்றன. அந்த நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வது நம் காதில் சரியாக விழுவதில்லை. கணவன் மனைவியர் வாதிடும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜான் காட்மன் என்ற உளவியலாளர், இப்படிப்பட்ட நேரத்தில் குறைந்தது 20 நிமிட இடைவேளை தேவை என்று பரிந்துரைக்கிறார். உடல் தணிய அவ்வளவு நேரம் வேண்டும். அந்த 20 நிமிடங்களில், அவர் சொன்னதையே மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. சிறிது தூரம் நடக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லலாம். போகும்போது கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகாமல், ‘இப்ப பேசினா தப்பா பேசிடுவேன், கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொன்னபடி திரும்பி வரவும் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பத் துடிக்கும் விரலுக்கும் இந்த எல்லை பொருந்தும்.

எருசலேம் கோவிலில் இயேசு வணிகர்களின் மேசைகளைக் கவிழ்த்த நிகழ்வைச் சொல்லி, நம் கோபத்துக்கு நியாயம் தேடுகிறோம். மாற்கு அதைச் சொல்லும் முறையைச் சற்று கவனிப்போம். முந்தைய நாளே இயேசு கோவிலுக்குள் சென்று எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டார். மாலை நேரமாகிவிட்டதால் பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போய்விட்டார். மறுநாள்தான் திரும்பி வந்து செயல்பட்டார். பார்த்தற்கும் செயல்பட்டதற்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. ஏழைகள் கடவுளுக்குக் கொண்டுவரும் காணிக்கை புறா. அந்தப் புறா விற்பவர்களிடம், இவற்றை இங்கிருந்து எடுத்துச் செல்லுங்கள் என்று சொன்னதோடு இயேசு நிறுத்திக்கொண்டதாக யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. அவர் புறாக் கூண்டுகளை உடைத்ததாக அதில் இல்லை. அவருடைய கோபம் கண்ணை மூடிக்கொண்டு வீசிய கோபம் அல்ல.

இரண்டாவது எல்லை தாமதத்துக்கு. பொழுது சாய்வதற்கு முன் சினம் தணியவேண்டும் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதினார். கோபப்படாமல் இருங்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை, கோபத்துக்கு ஒரு கெடு வைக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ், 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ திருத்தூது அறிவுரையில், சமாதானம் செய்யாமல் குடும்பத்தில் ஒரு நாளையும் முடிக்கவேண்டாம் என்று இதையே வலியுறுத்தினார். அதற்காக மண்டியிட்டுப் பெரிய பேச்செல்லாம் பேசத் தேவையில்லை, சிறியதொரு செய்கை போதும் என்றார் அவர். ஒரு கப் காப்பி ஆற்றிக் கொடுப்பதும், தோளைத் தொடுவதும், ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பதும் நம் வீடுகளில் அந்தச் செய்கைகள்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கோபத்துக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லவேண்டும். ‘நீ எப்பவும் இப்படித்தான், உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்’ என்று தொடங்கும் பேச்சு எங்கே முடியும் என்று நமக்குத் தெரியும். ‘நீ போனை எடுக்கலைன்னதும் எனக்குப் பயமா போச்சு’ என்று தொடங்கும் பேச்சு வேறு எங்கோ முடியும். முதல் பேச்சில் எதிரில் இருப்பவர் குற்றவாளி. இரண்டாவது பேச்சில் அவர் நம் வலியைக் கேட்கும் உறவு.

முன்கோபியான ஒரு புனிதர்

இது எல்லாருக்கும் எளிதில் வராது. புனித பிரான்சிஸ் சலேசியாரைச் சாந்தத்தின் புனிதர் என்று நாம் போற்றுகிறோம். தொன் போஸ்கோ, தாம் தொடங்கிய சபைக்கு இவருடைய பெயரையே வைத்தார். ஆனால், இந்தப் புனிதர் இயல்பிலேயே முன்கோபம் உள்ளவர் என்றும், பல ஆண்டுகள் போராடித்தான் சாந்தத்தை அடைந்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. 1609ஆம் ஆண்டு வெளிவந்த அவரது பக்தி வாழ்வு நூலில் இரண்டு அறிவுரைகள் உண்டு. கோபப்பட்டுவிட்டோம் என்று உணர்ந்த உடனேயே, அதே நபருக்குக் கனிவான ஒரு செயலைச் செய்துவிடவேண்டும், ஏனென்றால், காயம் புதிதாக இருக்கும்போதுதான் எளிதில் ஆறும் என்பது முதலாவது. நம் தவறுகளைக் கண்டு நம்மீதே கடுங்கோபம் கொள்ளக்கூடாது, நம்மிடமும் நாம் சாந்தமாக இருக்கவேண்டும் என்பது இரண்டாவது. கோபப்பட்டதற்காகத் தன்மேல் கோபப்படுகிறவர், ஒரு தீயை அணைக்க இன்னொரு தீயை மூட்டுகிறார்.

பெற்றோராக இருப்பவர்களுக்கு இங்கே ஓர் அழைப்பு உண்டு. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். ‘அப்பா அப்படிக் கத்தியிருக்கக்கூடாது, உன் மேலே தப்பில்லை’ என்று சொல்லும் தந்தை, பிள்ளையின் கண்ணில் சிறியவர் ஆவதில்லை. கோபம் வந்தால் எப்படித் திரும்பி வருவது என்ற பாதையை அவர் காட்டிக்கொடுக்கிறார். பிள்ளை நாளை தன் வீட்டில் அதே பாதையில் நடக்கும்.

முதல் அடியை யார் வைப்பது?

நற்செய்தியில் இயேசு, கோபத்தைப் பற்றிச் சொன்னதும் பலிபீடத்தைப் பற்றிப் பேசுகிறார். காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கும்போது, நம் சகோதரருக்கு நம்மீது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். நமக்கு அவர்மேல் கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தாலும், முதலில் எழுந்து போகவேண்டியது நாம்தான். இதைக் கேட்டவர்கள் கலிலேய மக்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையே 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், நடந்தால் பல நாள் பயணம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர், காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, சகோதரரைப் பார்த்து, மீண்டும் நடந்து வரவேண்டும். அவ்வளவு வருத்தம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இது முக்கியம் என்கிறார் இயேசு.

நம் சகோதரர் அவ்வளவு தூரத்தில் இல்லை. பாகப் பிரிவினையில் ஒரு சென்ட் நிலத்துக்காகப் பத்து ஆண்டுகளாகப் பேசாத அண்ணனும் தம்பியும், ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில், ஆளுக்கொரு வரிசையில் நிற்கிறோம். அமைதியை வாழ்த்திக்கொள்ளும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருக்குக் கைகூப்பிப் புன்னகைக்கிறோம். அடுத்த வரிசைப் பக்கம் மட்டும் முகம் திரும்புவதில்லை. பிறகு அதே கைகளை நீட்டி நற்கருணையைப் பெறுகிறோம்.

இந்த வாரம் நாம் ஒன்றைச் செய்து பார்க்கலாம். நாம் கோபத்தோடு நினைக்கும் ஒருவரை, அல்லது நம்மைக் கோபத்தோடு நினைக்கும் ஒருவரை மனத்தில் நிறுத்துவோம். காயினிடம் கடவுள் கேட்ட கேள்வியை நம்மிடம் கேட்பதாக எண்ணி, இந்த முறை பதில் சொல்வோம். ஏன் கோபம்? எங்கே வலிக்கிறது? பதில் கிடைத்தபின், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன், அந்த ஒருவரை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்போம். ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம், ஆலய வாசலில் ஒரு நலம் விசாரிப்பாக இருக்கலாம். அவர் முகம் கொடுக்காமல் போகலாம். போகட்டும். அடி எடுத்து வைப்பது மட்டுமே நம்மிடம் கேட்கப்பட்டுள்ளது.

தீயையும் தண்ணீரையும் நம் முன்னே வைத்து, தேர்ந்துகொள்ளும் உரிமையையும் தந்திருக்கும் இறைவா, எங்கள் வீட்டில் எளியவர்மீது பாயும் எங்கள் கோபத்தைத் தடுத்து நிறுத்த எங்களுக்கு உதவும். எங்கள் நாவைக் காத்தருளும். எங்களால் காயப்பட்டவர்களை நீரே ஆற்றித் தேற்றும். எங்கள் கைகள் தண்ணீரை நோக்கி நீள வரம் தாரும். ஆமென்.